ஐந்து மில்லி ஷாஃப்ட்

பவானிபூர் மைதானத்தில் ஞாயிறு காலை ரிமோட் கார் பந்தயம் என்றால் பாதிக் கல்கத்தா கூடும். மீதிப் பாதி வராததற்குக் காரணம் ரிடையரான மஹாதேவனின் வாய். மோட்டார் ஷாஃப்டைப் பற்றி ஆரம்பித்தாரானால் ஹூக்ளி வற்றினாலும் அவர் வற்றமாட்டார். மூன்று மில்லிமீட்டர் சொச்சம் இருப்பதெல்லாம் பல்குத்தும் குச்சி, வண்டி ஒரு தரம் மேட்டிலிருந்து குதித்தால் வளைந்துவிடும். ஐந்து மில்லி ஷாஃப்ட் இருந்தால் ஹவுரா பாலத்தையே கட்டி இழுத்துக்கொண்டு போகலாம் என்பார்.

அவர் வண்டியில் இருந்ததோ பல்குத்தும் குச்சி. ஐந்து மில்லி சிவராமிடம் இருந்தது.

சிவராம், ஹவுரா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர். 'கண் கூர்மை, வார்த்தையை நம்ப முடியாது' என்று ரகசிய அறிக்கையில் எழுதி, இன்ஸ்பெக்டர் மஹாதேவனின் கடைசிப் பிரமோஷனுக்கு உலை வைத்தவர். அது ஆயிற்று பதினோரு வருஷம். எழுதியது தப்பு என்று அந்த மனுஷன் வாயால் கேட்காமல் கண் மூடுவதில்லை என்று, மனைவி காமுவிடம் தினம் மூன்று வேளையும் மாத்திரையோடு சேர்த்துச் சபதம் எடுப்பார் மஹாதேவன்.

ஒர்க்‌ஷாப் வழக்கம் ஒன்று மைதானத்துக்கும் வந்திருந்தது. தன் வேலையைத் தானே பாஸ் பண்ணக்கூடாது. எதிராளியின் வண்டியை இவர் பார்த்து, பழுதில்லை என்று சாக்பீஸால் டிக் போட வேண்டும், இவருடையதை அவர்.

அன்று சிவராமின் மோட்டாரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார் மஹாதேவன். பல்சக்கரத்தின் திருகு உட்கார ஷாஃப்டில் ஒரு பக்கம் தட்டையாக அராவியிருந்தார்கள். அந்த வெட்டின் மூலையில் தலைமயிர் போல ஒரு விரிசல். ஐந்து மில்லியாவது ஐம்பது மில்லியாவது, அங்கேதான் உடையும். சொல்ல வாயெடுத்தார். ஒரே ஒரு தடவை இந்த ஆளை ஜெயித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. டிக் போட்டார்.

மூன்றாவது சுற்றில் சிவராமின் வண்டி மேட்டிலிருந்து குதித்தது. விழுந்த சத்தத்துக்கு, காளிகாட் மெட்ரோ ஒரு நிமிஷம் நின்று கிளம்பியதாகக் கேள்வி. மோட்டார் இரைந்தது, சக்கரம் சுற்றவில்லை. பல்குத்தும் குச்சி ஆடி ஆடிக் கோட்டைத் தாண்டியது. மைதானத்துப் பயல்கள், வங்காளத்தில் அண்ணா என்கிற மாதிரி, "தாதா, தாதா" என்று கத்தினார்கள்.

மஹாதேவன் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு போனார். சிவராம் உடைந்த துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்த விரிசலை நான் புதன்கிழமையே பார்த்துட்டேன் ஓய்."

மஹாதேவன் துண்டைத் திருப்பி வெட்டின் மூலையைப் பார்த்தார்.

"ரிப்போர்ட்ல 'வார்த்தையை நம்ப முடியாது'ன்னு எழுதினது தப்போன்னு பதினோரு வருஷமா உறுத்திண்டே இருந்தது. நீர் விரிசலைச் சொன்னதும் மன்னிப்புக் கேட்டுடணும்னுதான் வண்டியை நீட்டினேன்." சிவராம் கையைத் தட்டிக்கொண்டார். "இப்போ உறுத்தலை."

வீட்டில் காமு, என்ன ஆச்சு என்று கேட்டாள். ஜெயித்தேன் என்றார் மஹாதேவன். எத்தனை அடி முந்தினார் என்று கேட்டுப் பார்த்தாள். ஒன்றுக்குப் பத்தாகச் சொல்கிற மனுஷன், ஒன்றைக்கூடச் சொல்லாமல் கைகழுவப் போனார். விரலில் சாக்பீஸ் ஒட்டியிருந்தது.