யோபுவுக்குத் தெரியாதது

வியாழக்கிழமை நான் எழுதிக் கொடுத்த தாளில் ஒரு பொய்கூட இல்லை. செவ்வாய்க்கிழமை லேபிள் ஒட்டியவர் சீனியர் டெக்னீஷியன். நோயாளியின் எதிரில் ஒட்டவில்லை, பிறகுதான் ஒட்டினார். இரண்டும் நடந்தவை.

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், ரத்தம் எடுத்த கையோடு, ஆள் நாற்காலியில் இருக்கும்போதே பெயரைக் கேட்டு ட்யூபில் லேபிள் ஒட்ட வேண்டும். காலையில் ஆட்கள் நெருக்கும்போது அக்கா, அதாவது அந்த சீனியர் டெக்னீஷியன், அப்படிச் செய்வதில்லை. ட்யூப்களை ஸ்டாண்டில் வரிசையாக நிறுத்திக்கொண்டே போவார். கடைசியில் அதே வரிசைப்படி ஒட்டுவார். பதினோரு வருஷத்தில் ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

செவ்வாய்க்கிழமை, ரத்தம் உறைந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு ட்யூப்களைக் கையில் எடுத்தேன். திரும்ப இடம் மாற்றி வைத்துவிட்டேன். அக்கா ஒட்டி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வாயைத் திறக்கவில்லை.

நல்ல உடம்போடு இருந்த ஒரு ஓட்டுநருக்குச் சிறுநீரகம் பழுது என்று அறிக்கை போனது. உண்மையிலேயே பழுதான ஒரு அம்மாவுக்கு எல்லாம் நார்மல் என்று போனது. இரண்டு நாள் கழித்து மறுபரிசோதனையில் குட்டு உடைந்தது. மேனேஜர் எங்கள் எல்லோரிடமும் தனித்தனியாக எழுதி வாங்கினார். அக்காவைத் திங்கள்கிழமை வந்தால் போதும் என்றார். வேலை உண்டா இல்லையா என்று அன்று சொல்வாராம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சபையின் பின்னறையில் வேதபாட வகுப்பு. என் முறை. பாஸ்டர் போன மாதமே தலைப்பைக் கொடுத்திருந்தார்: சாத்தான் யார், எங்கிருந்து வந்தான்? எட்டுப் பேர் வந்திருந்தார்கள். மூன்றாவது நாற்காலியில் அக்கா. எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்ததும், இந்தச் சபைக்குக் கூட்டிவந்ததும் அவர்தான்.

தாளைப் பார்த்தே பேசினேன்.

"ஏதேன் தோட்டத்துப் பாம்பை அந்த அதிகாரத்துல சாத்தான்னு சொல்லவே இல்லை. விழுந்த விடிவெள்ளின்னு ஏசாயா புஸ்தகத்துல வர்றது பாபிலோன் ராஜாவைக் கேலி பண்ற பாட்டு. பாம்பு, விடிவெள்ளி, யோபு புஸ்தகத்துல வர்ற சாத்தான், மூணும் தனித்தனி ட்யூப் மாதிரி. பின்னாடி படிச்சவங்கதான் எல்லாத்துக்கும் ஒரே லேபிளை ஒட்டினாங்க."



"அப்ப கொம்பு, வாலு எல்லாம்?" என்றார் எலெக்ட்ரீஷியன் அண்ணன்.

"அது படம் போட்டவங்க கொடுத்தது."

"நல்லவேளை. எங்க காண்ட்ராக்டருக்கு வாலைக் காணோமேன்னு இத்தனை நாள் குழம்பிட்டிருந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும்தான்.

"யோபுல அவன் கடவுளோட சபையில வந்து நிக்கிறான். குற்றம் சாட்டுறதுதான் அங்க அவன் வேலை. பூமியைச் சுத்திப் பார்த்துட்டு வந்து, எதிர்ல இல்லாத யோபுங்கிற நல்ல மனுஷனைப் பத்திப் பேசுறான். அதனாலதான் அவர் எல்லாத்தையும் இழக்கிறார்."

அடுத்த வரியைப் படிக்காமல் தாண்டினேன். இரண்டு வாரம் முன்பு நானே எழுதியது: யோபு பக்கம் பேச அங்கே யாரும் இல்லை.

அக்கா கேட்டார்: "கடைசியிலயாவது யோபுவுக்குத் தெரியுமா, யார் வத்தி வெச்சதுன்னு?"

"தெரியாதுக்கா. கடைசி வரைக்கும் யாரும் அவர்கிட்ட சொல்லலை."

"அதுவும் நல்லதுதான் போ. தெரிஞ்சா அப்புறம் எப்படி மூஞ்சியில முழிக்கிறது?"

குத்திக் காட்டவில்லை. அவருக்குத் தெரியாது. தெரிந்து சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எல்லோரும் போனபின் நாற்காலிகளை அடுக்கினோம். நான்காவதை அடுக்கும்போது சொன்னேன்.

"அக்கா, ரெண்டு ட்யூபை எடுத்து மாத்தி வெச்சது நான்தான். உங்களைப் பத்தி மட்டும் எழுதிக் கொடுத்துட்டேன்."

கையிலிருந்த நாற்காலியை அவர் கீழே வைத்தார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"செவ்வாய்க்கிழமையே."

"அந்த அம்மாவுக்கு நார்மல்னு போச்சே. அப்பவே சொல்லியிருந்தா போயிருக்காதுல்ல?"

அந்த அம்மாவை நான் நினைக்கவே இல்லை. ஐந்து நாளாக என்னையும் அக்காவையும் மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"போயிருக்காதுக்கா."

"ஆள் எதிர்ல ஒட்டாதது என் தப்பு. அதை நானே எழுதிக் கொடுத்துட்டேன்." பையை எடுத்துக்கொண்டார். "நீ என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? சொல்ல வேண்டிய இடத்துல சொல்லு."

வழக்கமாகப் பஸ் நிறுத்தம் வரை சேர்ந்துதான் போவோம். அன்று அவர் முன்னால் போய்விட்டார்.

திங்கள் காலை மேனேஜரிடம் புதுத் தாளைக் கொடுத்தேன். படித்துவிட்டு, வியாழக்கிழமைத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து, அதில் விரலை ஊன்றினார்.

"இதுல பொய் எழுதியிருக்கியா?"

"இல்லை சார். எல்லாம் உண்மை."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "வெளியே உட்காரு. முதல்ல அவங்களைக் கூப்பிடுறேன்."

வெளியே இருப்பது ஒரே பெஞ்சு. அக்கா உட்கார்ந்திருந்தார். எதிரே நாற்காலிகளில் காத்திருந்த நோயாளிகளில் அந்த அம்மா இருக்கிறாரா என்று பார்த்தேன். முகம் எனக்கு ஞாபகம் இல்லை. அக்கா எழுந்து உள்ளே போனார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தைக் காலியாக விட்டு, ஓரமாக உட்கார்ந்தேன்.