ஒரே தலையில் ஹெல்மெட்டும் தொப்பியும்

எர்ணாவூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் கேட் வாட்ச்மேன். யார்டு பெரிசு. கன்டெய்னர் நம்பரைச் சரிபார்க்கிற பையன்கள் உள்ளே பைக்கில்தான் சுற்ற வேண்டும். யார்டுக்குள் மஞ்சள் சேஃப்டி தொப்பி போட வேண்டும் என்பது பழைய சட்டம். பைக்கில் ஏறினால் ஹெல்மெட் என்பது புதுச் சட்டம். பழையதை யாரும் எடுக்கவில்லை. ஆபீசில் எதையும் எடுக்க மாட்டார்கள், சேர்க்கத்தான் தெரியும்.

புதுச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் சேஃப்டி ஆபீசர் ஜெனிஷ். நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை, இருபத்தாறு வயசு. தப்புக்கு ஒரு புள்ளி வைப்பார். மூன்று சேர்ந்தால் கேட் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். அப்புறம் வேலை கிடையாது.

நம்பர் பார்க்கிற பையன்களில் ஒவைஸுக்கு ஒரே காலையில் இரண்டு புள்ளி. ஹெல்மெட்டோடு உள்ளே போனான், தொப்பி எங்கே என்று ஒன்று. தொப்பியோடு திரும்பி வந்தான், ஹெல்மெட் எங்கே என்று இன்னொன்று.

கேட்டில் வந்து நின்றான். "நைனா, எனுக்குக் கீறது ஒரே தலை. இத்த எவன்கிட்ட சொல்றது?"

"சொல்லாத. அதுக்கும் ஒரு புள்ளி வெச்சிடுவான்."

இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். தள்ளுவதற்குத் தொப்பி போதுமாம். அவனைப் பார்த்து எட்டுப் பேர் தள்ளினார்கள். நம்பர் பார்ப்பது தாமதமாகி, மதியத்துக்குள் டிரெய்லர் வரிசை மெயின் ரோடு வரைக்கும் நின்றுவிட்டது. டிரைவர்கள் இறங்கி வந்து திட்டினார்கள், என்னை.

ஜெனிஷ் மேலிடத்துக்குப் போன் போட்டார். "ரெண்டும் போடணுமாம்" என்றார்.

"எதுக்கு மேல எது சார்?" என்றான் ஒவைஸ்.

அதற்கு மறுபடி ஒரு போன். ஹெல்மெட்டுக்கு மேல் தொப்பி. ஒரு கயிற்றை எடுத்துத் தொப்பியைக் கட்டி, பையன் தாடைக்கடியில் முடிச்சுப் போட்டதே ஜெனிஷ்தான். பானை மேல் பானை வைத்த மாதிரி இருந்தது. நிற்கிறதா பார்க்கலாம் என்று அவரே பின்னால் ஏறிக்கொண்டார். அவர் தலையில் வெள்ளைத் தொப்பி மட்டும்.

"உங்க ஹெல்மெட்டு சார்?" என்று கேட்டேன்.

"நான் ஓட்டலியே."

என் கேட்டுக்கு முன்னால் வேகத்தடை. வண்டி ஏறி இறங்கியதில் மஞ்சள் தொப்பி சரிந்து ஒவைஸின் கண்ணை மூடியது. "நைனா, ஒண்ணியும் தெர்ல!" என்று கத்திக்கொண்டே கேட் தூணில் போய் முட்டினான்.

இடித்தது அவன் தலைதான். ஹெல்மெட்டில் விரல் நீளக் கீறல், தலையில் ஒன்றுமில்லை. ஜெனிஷின் தொப்பி பறந்துபோய், நெற்றியில் ஐந்து தையல். ஹெல்மெட்டெல்லாம் கம்பெனிக்காரன் விற்பதற்குச் சொல்கிற கதை என்றுதான் நினைத்திருந்தேன். தூணைத் தடவிப் பார்த்தேன். சிமென்ட் பெயர்ந்திருந்தது.

சாயங்காலம் ஜெனிஷ் தலையில் கட்டோடு விபத்து பாரத்தைக் கொண்டுவந்து சாட்சிக் கையெழுத்துக் கேட்டார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் படிக்காமல் போட மாட்டேன். 'ஓட்டியவரின் கவனக்குறைவு' என்று இருந்தது. அப்படியென்றால் மூன்றாவது புள்ளி.

"கண்ண நீ கட்டி வுட்டுட்டு, அவன் பாக்கலன்றியா?"

"பெரியவரே, ஏதாவது காரணம் எழுதணும்லா."

"அப்ப இத்த எழுது. பின்னால குந்திகினு இருந்த ஆபீசர் ஹெல்மெட் போடல. தொப்பிய மேல கட்னதும் அவருதான். கையெழுத்து இன்னா, ரேகையும் சேத்து வெக்கிறேன்."

ஒவைஸ் பக்கத்திலேயே நின்றான். சட்டைப் பைக்குள் இருந்த பாஸை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஜெனிஷ் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பாரத்தைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினார். இனி வண்டியில் ஹெல்மெட் மட்டும், பின்னால் உட்காருகிறவருக்கும். இறங்கினால் தொப்பி. காரணம் என்கிற இடத்தில் வெகுநேரம் பேனா நின்றது. பிறகு 'கயிறு' என்று எழுதினார்.

கயிற்றுக்கு வேலை போகாது. கையெழுத்துப் போட்டேன்.