கட்டையைத் தொடாதபோது

"நான் சொல்றத முழுசா—"

"முழுசாத்தான்டா கேட்டேன். குப்பைய விலைக்கு விக்கணும்கிற."

"குப்பையா? கசிவுன்னு நீதானக்கா பேர் வச்ச!"

"பேர் வச்சது ஒழிக்கிறதுக்கு. மடியில போட்டுக் கொஞ்சறதுக்கு இல்ல."

அக்காவும் தம்பியும் இப்படி ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் பிடுங்கிப் பேச ஆரம்பித்தால், சோதனை அறையின் கதவைச் சாத்திவிட வேண்டும் என்பது அந்தத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறை அது. கோபம்கூட அங்கே பாதிதான் கேட்கும்.

அவர்களுடைய அப்பா ஆர்கன் செய்யத்தான் கம்பெனி ஆரம்பித்தார். ஆர்கனுக்கு ஆம்ப்ளிஃபயர் வேண்டியிருந்தது. ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரைக் கேட்டது. ஸ்பீக்கர் வாங்கியவர்கள் மிக்ஸர் உண்டா என்றார்கள். ஒன்று இன்னொன்றைக் கையைப் பிடித்து இழுத்துவர, கடைசியில் மடியில் வைத்து வாசிக்கிற கீபோர்டு வரைக்கும் வந்தாயிற்று. செய்ததில் எல்லாம் ஒவ்வொன்று அந்த அறையின் சுவரோரம் நின்றது, கல்யாண போட்டோவில் சொந்தக்காரர்கள் நிற்பது போல. அக்கா வடிவமைப்பவள், தம்பி விற்பவன். புதுக் கீபோர்டுக்கு அவள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் சாயங்காலமே உற்பத்திக்குப் போய்விடும். தம்பி குறுக்கே விழுந்திருந்தான். முதல் ஆர்கனின் கசிவைப் பதிவு செய்து, ஒரு பொத்தானை அழுத்தினால் கேட்கிற மாதிரி புதுசுக்குள்ளே போட வேண்டுமாம்.

பழைய ஆர்கனில் கட்டையை அழுத்தினால்தான் ஸ்வரம் பிறக்கிறது என்று வாசிப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை. மின்சாரம் பாய்ந்த நிமிஷத்திலிருந்து பன்னிரண்டு ஸ்வரங்களும் உள்ளே ஓயாமல் ஒலித்துக்கொண்டேதான் இருக்கும். கட்டை வெறும் கதவு. யாரும் தொடாதபோதும் கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளியே வந்துவிடும். அதுதான் கசிவு. உள்ளே கம்பிகளைக் கட்டியவள் அம்மா. சடை பின்னுவது மாதிரி அத்தனை அழகாக, இறுக்கமாக அவள் பின்னியதால், ஒரு கம்பியின் ஸ்வரம் பக்கத்துக் கம்பிக்குத் தொற்றிக்கொண்டது. படிப்பு முடித்து வந்த புதிதில் அக்காதான் இதைக் கண்டுபிடித்தாள். "அழகா இருந்தா ஆபத்துங்கறியாடி?" என்று அம்மா சிரித்தாள். அடுத்த ஆர்கனில் கம்பிகள் தலைவிரி கோலமாகப் போயின. கசிவு குறைந்தது. அன்று பிடித்தவள் இன்றுவரை விடவில்லை. ஆம்ப்ளிஃபயரின் உறுமல், மிக்ஸரின் சீறல் என்று ஒவ்வொன்றாகத் துரத்திக்கொண்டே வந்தாள். மற்றவர்கள் சத்தத்தை விற்கிறார்கள், இந்தம்மா சத்தமில்லாததை விற்கிறது என்று போட்டிக் கம்பெனிக்காரர்களே சொல்வார்கள். இந்தப் புதுக் கீபோர்டில், சத்தத்தை அளக்கும் மீட்டரின் முள் அசையவே இல்லை. அவள் ஆயுசு முழுக்கப் போய்ச் சேர நினைத்த இடம் அதுதான்.

"கைய எடுத்தா ஆளே செத்த மாதிரி இருக்குன்னு கடைக்குக் கடை சொல்றாங்கக்கா. நான்தானே அலையறேன்."

"சரி, வா. எல்லாத்தையும் போடு. ஒரு கட்டையைத் தொடக் கூடாது. எது நல்லாருக்குன்னு உன் வாயாலேயே சொல்லு."

ஜெயிப்பதற்காகத்தான் சொன்னாள். கசிவை அவள் மீட்டரில் கண்ணால் பார்த்தே பழகியவள். அதைக் கழிக்க வேண்டிய எண்ணாகத் தவிர வேறு எதுவாகவும் ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை.

புதுசிலிருந்து ஆரம்பித்தான். ஒன்றுமே இல்லை. அவரவர் மூச்சு அவரவருக்குக் கேட்டது. மிக்ஸரைப் போட்டான், மணல் நழுவுவது போல ஏதோ. சின்ன விளக்குகள் மினுக்க, தாளமும் தானே போடுகிற ஆர்கனில் எங்கோ ஓர் ஈ. டிரான்சிஸ்டர் ஆர்கனில் அந்த ஈ இரண்டாகி, ஒன்றுக்கு ஸ்ருதி வந்தது. தான் இறங்கி வந்த படிகளிலேயே திரும்பி ஏறுவது போலிருந்தது அவளுக்கு.

கடைசியில் முதல் ஆர்கன். பழைய ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடி வால்வுகள் சூடாகும்வரை சத்தமில்லை. "போயிடுச்சோ?" என்றான் தம்பி. பேசாதே என்று அவள் கையைத் தூக்கினாள். அது மெல்ல வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் பெருங்கூட்டம் ஒன்று வாயைத் திறக்காமல் பாடுவது போல. பன்னிரண்டும் இருந்தன. இரண்டு ஸ்வரங்கள் ஒன்றையொன்று உரச, ஓர் அலை எழுந்து சாவகாசமாகத் தணிந்தது, அதற்குள் வேறிரண்டு எழுந்தன. யாரும் எதையும் வாசிக்கவில்லை. ஆனால் யாராவது எப்போதாவது வாசிக்கப்போகிற அத்தனையும் அந்த மரப்பெட்டிக்குள் நின்றபடி காத்திருந்தன. எதை அடைப்பதற்காக இத்தனை வருஷம் ஓடினோம் என்பதை முதன்முதலாகக் காதால் பார்த்தாள். பொத்தானுக்குள் அடங்குகிற விஷயமாகவும் அது தெரியவில்லை. உட்கார நாற்காலி தேடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்து, பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்தாள். மரம் இளஞ்சூடாக இருந்தது.

கதவுக்கு வெளியிலிருந்து ஒருவர் தட்டினார். "அம்மா, லைன்ல ஆளுங்க நிக்கிறாங்க. ஆரம்பிச்சிடலாமா?"

தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். கண் நிறைந்திருந்தது. ரொம்பத்தான் பேசிவிட்டோம் என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். மெதுவாக வந்து ஸ்விட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு குனிந்தான்.

"நான் தோத்துட்டேன்க்கா. நீ சொன்னதே இருக்கட்டும். இத அணைச்சிடட்டுமா?"