சினை இறாலுக்கு வார்த்த நீர்

1994 மே 15, ஞாயிற்றுக்கிழமை. கத்திரி வெயில், காலை ஒன்பது மணிக்கே அண்ணனூர்த் தண்டவாளங்களின் மேல் கானல் நெளிந்தது, காற்று என்ற ஒன்று இல்லவே இல்லை.

...இல்லை, அவனைத் தவிர வேறு யார் செய்திருக்க முடியும், என்று பதினோராவது முறையாகத் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டு, துலுக்கானம் அண்டாவிலிருந்து ஒரு குவளை நீரை மொண்டு கண்ணாடித் தொட்டியின் ஓரமாக நூல் இழுத்தாற்போல் மெல்ல வார்த்தார், நேற்று மாலை நான்கு இறால்கள் சாய்ந்தன, விடிந்தபோது பதினான்கு, இப்போது பாசியின் மேல் பக்கவாட்டில் கிடந்து காலை உதறிக்கொண்டிருப்பவற்றை எண்ணவே மனம் வரவில்லை, முப்பத்தாறு உயிர்கள், கண்ணாடி போன்ற உடல்கள், உள்ளே ஓடும் இரை கூட வெளியே தெரியும், அப்படிப்பட்டவற்றின் மீது வஞ்சம் வைக்க ஒருவனுக்கு எப்படி மனம் வரும்? அவனுக்கு வரும். கஜபதிக்கு வரும். மனைவி நாகவல்லியின் தம்பி, வேலை போன கையோடு பொங்கலுக்கு வந்தவன், சித்திரை முடிந்தும் எழுந்து போகாதவன், பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தொட்டிக்கு எதிரிலேயே குந்திக்கொண்டு, தாய் இறால் வயிற்றடியில் முட்டைகளைச் சுமந்து நின்றதைப் பார்த்து, “இன்னா மாமா, இதுக்கு வளைகாப்பு எப்போ? சொல்லு, மைக் செட்டு நான் கட்றேன்” என்று சிரித்தவன், அந்தச் சிரிப்பு இன்னும் காதுக்குள் இருக்கிறது, அதற்கு நாகவல்லியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளே...

சிரிக்கட்டும். இருபத்திரண்டு ஆண்டுகள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் தகடு அழுத்தும் எந்திரத்தின் முன் நின்றவரைப் பார்த்து யார்தான் சிரிக்கவில்லை, சம்பள நாளில் கட்டைவிரலை மையில் தோய்த்தபோது மேற்பார்வையாளர் சிரித்தார், நாற்பத்து மூன்றாம் வயதில் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்து ‘அ’ எழுதியபோது தெருவே சிரித்தது, ஆனால் எழுத்துக் கூட்டி, பிறகு கூட்டாமலே படிக்கக் கற்று, முதன்முதலாக முழுவதும் படித்து முடித்த நூல் அந்த வண்ணமீன் வளர்ப்பு நூல்தான், அதன் முப்பதாம் பக்கம் அவருக்கு மனப்பாடம்: வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றவும், குளோரின் அகலும் பொருட்டுப் புதுநீரை அகன்ற பாத்திரத்தில் ஓரிரவு வைத்திருக்கவும், தீனியைக் குறைக்கவும், சோப்புப் பட்ட கையை நீரில் இடாதிருக்கவும். அவர் இடவில்லை. இறால்கள் கொறிக்கப் போடும் வாதாம் இலையைக் கூட வேகவைத்துத்தான் போட்டார். பூந்தமல்லியில் இறால்களை விற்ற உஸ்மான் கனி, “கண்ணாடித் தொட்டில இதுங்க சினை புடிக்கிறதாவது, புடிச்சா சொல்லுண்ணே, நானே வந்து பாக்குறேன்” என்று சவால் விட்டான், பிடித்தது, சொல்லியனுப்பினார், இன்று பன்னிரண்டு மணிக்கு வருகிறான். வந்து எதைப் பார்ப்பான்? பிணங்களையா?

உள்ளறையில் டிரங்குப் பெட்டியின் மூடி கிறீச்சிட்டது. கட்டட்டும், மூட்டையைக் கட்டட்டும், காலையில் அவர் தொண்டை கிழியக் கத்தியது அக்கம்பக்கம் முழுக்கக் கேட்டிருக்கும், “துன்றதும் என் ஊட்ல, கொசு மருந்த அடிச்சி என் தொட்டியக் கெடுக்கிறதும் என் ஊட்லயா? கெளம்புடா!” என்றதற்கு அவன் வழக்கம்போல் சிரிக்காமல், “அக்கா மேல சத்தியமா நான் தொடல மாமா” என்றான், அந்த முகம்... அந்த முகத்தை நினைக்க வேண்டாம், நடிப்பு, இன்னொரு குவளை, மெல்ல, மெல்ல, புதுநீர் பட்டால் நஞ்சு நீர்த்துவிடும், காலையிலிருந்து இது மூன்றாம் முறை, நான்கில் ஒரு பங்கு என்ற கணக்கையும் மீறியாயிற்று, ஆயினும் ஏன் வார்க்க வார்க்க மேலும் மேலும் சாய்கின்றன?

“மருந்து அடிச்சிருந்தா மீனு மட்டும் எப்பிடிய்யா நல்லாக் கீது?” அடுப்பங்கரையிலிருந்து நாகவல்லி கேட்டாள், திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“நீ சும்மா கெட.”

ஆனால் அந்தக் கேள்வி சும்மா கிடக்கவில்லை. அதே தொட்டியில் இருந்த கப்பி மீன்கள் ஐந்தும் வாலை விரித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தன. இறால் செத்தது, மீன் சாகவில்லை. அதற்கும் முன்னால், முந்தாநாளே, தொட்டியில் இருந்த நத்தைகள் உதிர்ந்து விழுந்தன, சனியன் தொலைந்தது என்று அவரே மகிழ்ந்தார். நத்தை, பிறகு இறால்... இந்த வரிசையை எங்கே பார்த்திருக்கிறார்? நெமிலிச்சேரியில், அப்பா கூலிக்குப் போன கழனியில், நாற்றங்காலைத் தின்ற நத்தைகளுக்காகப் பண்ணையாள் நீலக் கட்டிகளைத் துணியில் முடிந்து வாய்க்காலில் போட்டான், மறுநாள் நத்தையெல்லாம் வாய் பிளந்து கிடந்தது, கெண்டைக் குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன, மயில்துத்தம், என்றான் அவன், செம்புலேர்ந்து எடுக்கிறதுடா, வாயில வெச்சிக்காதே...

செம்பு.

“இன்னும் தண்ணி வேணுமா மாமா?” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கஜபதி வந்து நின்றான், பதிலுக்குக் காத்திராமல் குனிந்தான், “குனிஞ்சி குனிஞ்சி மொள்றியே, இடுப்பு போயிடும், இரு” என்று பாதி நீர் மிச்சமிருந்த அண்டாவைத் தூக்கி முக்காலியின் மேல் வைத்தான். நாகவல்லியின் தாய்வீட்டுச் சீராக வந்த செப்பு அண்டா. போன வாரம் வரை பிளாஸ்டிக் வாளியில்தான் நீரை வைத்தார், தாய் இறால் சினையுற்ற பின், வாயும் வயிறுமாக இருப்பதற்கு வாளித் தண்ணீரா என்று மனம் கேட்காமல், பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டுத் தம் கையாலேயே தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார், பிள்ளைத்தாய்ச்சிக்குச் செப்புப் பாத்திர நீர் நல்லது என்று ஊரே சொல்லுமே, நூலிலும் அகன்ற பாத்திரம் என்றுதானே இருந்தது, எந்த உலோகம் என்று இருந்ததா? இல்லை. ஏன் எழுதவில்லை? எழுதியவன் கையில் கட்டி முளைக்க!

கஜபதி கையை உதறினான். அண்டாவின் விளிம்பைப் பிடித்த உள்ளங்கையில் பச்சைக் களிம்பு ஒரு கோடாக ஒட்டியிருந்தது. அவன் அதை லுங்கியில் துடைத்துக்கொண்டு, “வர்றேன் மாமா. அக்காவத் திட்டாதே” என்றான்.

இப்போது சொல்லலாம். நான்தான்டா, நீ இல்லை, உட்கார், என்று நான்கு சொற்கள். எத்தனை பக்கங்களைப் படித்த நாக்கு, நான்கு சொற்களுக்கு வளையவில்லை. அவன் வாசலைத் தாண்டினான், செருப்பைத் தேடினான், மாட்டினான், தெருவில் இறங்கினான், அத்தனைக்கும் நேரம் இருந்தது. கையில் குவளை நிறைய நீர், ஊற்றவும் இல்லை, கொட்டவும் இல்லை. அண்ணனூர் நிலையத்தில் மின்ரயில் ஊதியது. கோபம் சிறிதும் தணியவில்லை என்பதுதான் துலுக்கானத்துக்கு விளங்கவில்லை, ஆள் போய்விட்டான், காரணமும் தெரிந்துவிட்டது, பின்னும் அது நெஞ்சில் நின்றுகொண்டு உஸ்மான் கனியையும், நூல் எழுதியவனையும், அண்டாவைக் கொடுத்த மாமியாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தது, தம்மை மட்டும் பார்க்கவில்லை. நாகவல்லி அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்து, தம்பி போன தெருவைப் பார்த்தாள், பிறகு அண்டாவைப் பார்த்தாள், பிறகு அவரை. பாசியின் மேல் தாய் இறால் முட்டைகளை விசிறிக்கொண்டிருந்த கால்கள் மெதுவாயின, ஒருமுறை விசிறின, நின்றன. அப்போது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.