கிணற்றைக் கடந்து

வாயில் வெற்றிலை இல்லாவிட்டால் என் கணவர் சிமியோனுக்குக் கை ஓடாது. வலை பொத்த உட்கார்ந்தாலும் சுண்ணாம்புப் பேணி பக்கத்தில் இருக்க வேண்டும். அதைக் கண்ட இடத்தில் வைக்காதேங்கோ என்று நான் கத்தாத நாளில்லை. அன்றைக்கும் கத்தினேன். மனுசன் காய்ந்துபோன சுண்ணாம்புக்குத் தண்ணீர் விட்டு, மூடியை இறுக்கி, வாசல்படியில் வைத்துவிட்டுப் படகு எஞ்சின் பார்க்கக் கரைக்குப் போய்விட்டார்.

மகள் ஜெனிற்றாவுக்கு ஆறு வயது. கடை வைத்து விளையாடுகிறவளுக்கு மூடியுள்ள பேணியெல்லாம் சரக்குத்தான். நான் பின்பக்கம் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கரண்டிக் காம்பால் மூடியை நெம்பியிருக்கிறாள், உள்ளே இருந்த சுண்ணாம்பு முகத்தில் தெறித்துவிட்டது. வீரிட்டுக் கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் வலது கண்ணும் கன்னமும் வெள்ளை.

எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகளுக்குத் தண்ணீர் இரண்டு வகை. கிணற்றுத் தண்ணீர் உவர். குளிக்க, தோய்க்க, சட்டி கழுவ. பவுசர் லொறியில் வருவது நல்ல தண்ணீர், குடிக்க, சமைக்க. பிள்ளைகளுக்குக் கண்நோய் வந்தால் அந்த நல்ல தண்ணீரால்தான் துடைப்போம். கிணற்றுத் தண்ணீரைக் கண்ணுக்குக் கிட்டவும் கொண்டுபோக மாட்டோம். அன்று பவுசர் வரவில்லை, குடம் வெறுமையாகக் கிடந்தது.

கிணற்றடியில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. சுண்ணாம்பு எரிக்கிற கண்ணில் உப்பையும் ஊற்றுவதா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த வாளியைக் கடந்து, ஒழுங்கைத் தொங்கலில் கடைசியாக இருக்கிற மரியநாயகி அக்கா வீட்டுக்கு நல்ல தண்ணீர் தேடி ஓடினேன். படலை பூட்டியிருந்தது. தட்டி, கத்தி, அவ திறப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து திறந்து, குடத்தைச் சரிக்கும்வரை பிள்ளை என் தோளில் துடித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் சேலைன் போத்தல் போத்தலாக ஊற்றிக் கழுவினார்கள். சிமியோன் எஞ்சின் எண்ணெய்க் கையோடு ஓடிவந்தார். கண் டொக்ரர் ஒரு இளம் பெண்.

"பட்டவுடனை கழுவினனீங்களோ?" என்று கேட்டா.

நான் வாய் திறப்பதற்குள் சிமியோன் முந்திக்கொண்டார். "ஓம் டொக்ரர். உடனை கழுவிப்போட்டுத்தான் கொண்டு வந்தவ." நானும் பிள்ளையும் நனைந்திருந்ததைப் பார்த்து அப்படி நினைத்துவிட்டார்.

"நல்ல வேலை செய்தனீங்கள். சுண்ணாம்பு பட்டால் சுணங்கக்கூடாது. கிணத்துத் தண்ணியோ குழாய்த் தண்ணியோ, எது கிட்ட இருக்கோ அதை ஊத்த வேணும்."

நான் பிள்ளையின் ஈரத் தலையைத் துடைக்கத் தொடங்கினேன்.

"பார்வை?" என்றார் சிமியோன்.

"கருவிழியிலை புண் இருக்கு. இப்ப ஒண்டும் சொல்லேலாது. வீக்கம் வத்தட்டும், கட்டை அவிட்டுப் பாப்பம்."

சிமியோன் வெற்றிலைப் பையைக் குப்பைவாளியில் போட்டார். பார்க்க வந்த எல்லோரிடமும் ஒன்றையே சொன்னார். "நான்தான் என்ரை பிள்ளையின்ரை கண்ணைக் கெடுத்தது." வேறு நாளென்றால் ஓம், நீங்கள்தான் என்று நாலு வார்த்தை கூடவே போட்டிருப்பேன். நான் அப்படிப்பட்டவள்தான். இப்போது நாக்கு எழும்பவில்லை. அவர் அதைக் கோபம் என்று நினைத்தார்.

"ஏச வேணுமெண்டா ஏசு வசந்தி. இப்பிடிக் கதைக்காமல் மட்டும் இராதை."

நான் பிள்ளையின் போர்வையைச் சரிசெய்தேன்.

"அம்மா, இந்தக் கண்ணுக்குள்ளை இருட்டாக் கிடக்கு" என்றாள் ஜெனிற்றா.

"கட்டுப் போட்டிருக்கெல்லே குஞ்சு, அதுதான்." கட்டை அவிழ்த்த பிறகும் இதையே சொன்னால் என்ன செய்வேன்? கண்ணுக்குக் காவலான புனித லூசியாவுக்கு நேர்த்தி வைத்தேன். செபத்துக்கு நடுவில் அந்த வாளிதான் வந்து நின்றது. எட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது. நான்தான் கடந்து போனேன்.

கட்டு அவிழ்க்கிற அன்று காலையில் உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். உள்ளே போக முன்னம் கால் கிணற்றடிக்குப் போய்விட்டது. வாளியில் அள்ளி, என் கண்ணை விரித்துக்கொண்டு ஊற்றினேன். கரித்தது. திரும்பத் திரும்ப ஊற்றினேன். கொஞ்சம் கரித்தது, அவ்வளவுதான். இதற்குப் பயந்தா நான் ஒழுங்கைத் தொங்கல்வரை ஓடினேன்? கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

திரும்பி வந்தபோது டொக்ரர் கட்டிலடியில் நின்றா. கட்டை மெல்ல அவிழ்த்து, பிள்ளையின் நல்ல கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினா. சிமியோன் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தெரியுது பிள்ளை?"

ஜெனிற்றா இமையைப் பிரிக்கச் சிரமப்பட்டாள். கண்ணீர் வழிந்தது. "வெள்ளையாக் கிடக்கு" என்றாள்.



"அவசரப்படாதை. கண்ணைச் சிமிட்டிப்போட்டு இன்னொருக்காப் பார். ஆர் நிக்கினம்?"

அவள் சிமிட்டினாள். முகத்தை மெல்லத் திருப்பி என் பக்கம் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"அம்மா, உங்கடை கண் ஏன் சிவந்திருக்கு?"

டொக்ரர் கையை எடுத்துவிட்டுச் சிரித்தா. "பார்வை மங்கலாப் புகார் மாதிரிக் கொஞ்சக் காலம் இருக்கும். மருந்து விடாமல் விட வேணும். ஆனா பார்வை இருக்கு, பயப்பிடாதேங்கோ." சிமியோன் துவாயால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

ஜெனிற்றா விடுகிற பிள்ளையா? "ஏனம்மா சிவந்திருக்கு?" என்று திரும்பவும் கேட்டாள்.

அவள் தலையைத் தடவினேன். "கிணத்துத் தண்ணி ஊத்தினனான் குஞ்சு. அண்டைக்கு உனக்கு ஊத்தாமல் அதைத் தாண்டி ஓடினனான். அது ஒண்டும் செய்யாது, கொஞ்சம் கரிக்கும்."

சிமியோன் முகத்திலிருந்து துவாயை எடுத்து என்னைப் பார்த்தார்.