மிஷின் சரியாகத்தான் இருந்தது

மூன்றாவது தடவையும் ஊசி தோற்றது. அப்பாவின் நடுவிரலில் ஒரு புள்ளி விழுந்ததே தவிர ரத்தம் வரவில்லை. முத்தியால்பேட்டை லேத் பட்டறையில் இரும்புச் சுருளைக் கையாலேயே இழுத்துப் போட்டுக் காய்த்த விரல்கள் அவை. சர்க்கரை பார்க்கும் கருவியைச் செய்தவர்கள் சாதாரண மனிதத் தோலை மட்டும்தான் மனதில் வைத்திருந்தார்கள்.

"ரத்தமே வல்ல பாத்தியா? வராத ரத்தத்துல சக்கர மட்டும் எங்கேர்ந்து வரும்?" என்றார் அப்பா, மிகுந்த திருப்தியோடு.

தை மாதத்தில் டாக்டர் சுமலதா அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். மூன்று மாதம் சோற்றைக் குறைத்து, நடந்து பார்ப்பது, குறையாவிட்டால் மாத்திரை. கெடு முடிந்ததும், சித்திரை வெயில் தணியட்டும் என்றார் அப்பா. தணிந்தது. வீராம்பட்டினம் தேர் முடியட்டும் என்றார். டெல்லிக்குச் சுதந்திரம் வந்து ஏழு வருடம் கழித்துத்தான் எங்கள் ஊரைவிட்டுப் பிரெஞ்சுக்காரன் போனான். அப்பா அந்த நிதானத்தைக் கைவிடாதவர்.

உண்மையான காரணம் தணிகாசலம் பெரியப்பா. அவர் மாத்திரை ஆரம்பித்த வருடமே இடது பாதத்தை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் பல வருடம் சர்க்கரையை மதிக்காமல் அவர் திரிந்தது எங்கள் குடும்ப வரலாற்றில் இடம்பெறவில்லை. மாத்திரை போட்டார், கால் போனது. அவ்வளவுதான் வரலாறு. மாத்திரை என்ற சொல்லைக் கேட்டாலே அப்பா குனிந்து தன் பாதங்களை ஒருமுறை பார்த்துக்கொள்வார். அவர் பயப்படுவதை நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

நான் கருவியில் செருகி வைத்த சோதனைப் பட்டை வீணாகப் போவதை அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "மிஷினு கெட்டுப் பூட்ச்சோ இன்னாவோ. இந்தா, என் விரல்ல குத்திப் பாரு."

அம்மாவுக்கு ரத்தம் உடனே வந்தது. கருவி யோசித்தது. இருநூற்று எண்பத்தாறு.

"பாத்தியா, கெட்டுத்தான் பூட்ச்சி," என்று அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே என் விரலைக் குத்தினேன். தொண்ணூற்று நான்கு. சிரிப்பு நின்றது. அம்மாவின் இன்னொரு விரலை நான் கேட்கவில்லை, அவளே நீட்டினாள். இருநூற்றுத் தொண்ணூறுக்கும் மேல். அடுப்பங்கரையில் குக்கர் விசில் அடித்தது. அதை அணைக்க யாரும் எழவில்லை.

அப்பாவின் தட்டில் குறைந்த சோறு ஆவியாகிப் போய்விடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உலையில் அரிசி பழைய அளவுதான். கல்யாண வீட்டு லட்டு, பக்கத்து வீட்டுப் பாயசம், பட்டறை ஓனர் கொடுத்தனுப்பிய பலாச்சுளை, எல்லாமே அப்பா வருவதற்குள் வீட்டிலிருந்து மறைந்துவிடும். அவர் கண்ணில் பட்டால் மனசு அலையும், கொட்டினால் பாவம். இரண்டுக்கும் நடுவே அம்மா தன் வாயை வைத்திருந்தாள்.

மறுநாள் காலை இருவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "அம்மாவுக்கு இது நேத்து வந்ததில்ல. ரொம்ப நாளா இருந்திருக்கு. ரெண்டு பேருமே இன்னைக்கே ஆரம்பிக்கணும்," என்றார். பிறகு அம்மாவைச் செருப்பைக் கழற்றச் சொன்னார். சுண்டுவிரல் ஓரத்தில், பூசியிருந்த மஞ்சளுக்கு அடியில், ஒரு புண்.

"செருப்புக் கடிம்மா. தானா ஆறிப் பூடும்."

"எப்ப கடிச்சிது?"

அம்மா யோசித்தாள். யோசிக்க வேண்டியிருந்ததைப் பார்த்து டாக்டரின் முகம் மாறியது. மருந்து வைத்துக் கட்டி, வெள்ளிக்கிழமை மறுபடி காட்டச் சொன்னார். வீடு வந்து சேரும்வரை அப்பா அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மா மாத்திரைகளை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். டாக்டர் சாப்பிட்டதும் போடச் சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன்.

"தேரு முடியட்டும்டா."

அப்பா பாய்ந்து எழுந்தார். "தேரு இன்னாடி தேரு? கால்ல புண்ண வெச்சிக்கினு!"

"மாத்திர போட்டாதான் கால் போவும்னு நீதான்யா சொன்ன. உங்கண்ணன் கதைய எனக்கு எத்தினி வாட்டி சொல்லியிருப்ப?"

"அது வேற, கமலா."

"இன்னா வேற? அவருக்கும் கால்தான், எனக்கும் கால்தான்."

இந்த வீட்டில் எல்லா விஷயத்துக்கும் என்னிடம் ஒரு கிண்டல் தயாராக இருக்கும். தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

"உனக்குத்தான் அவசரம். நீ மொதல்ல போடு. நான் மெதுவா போட்டுக்கறேன்," என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தது.

"அப்ப நானும் மெதுவா போட்டுக்கறேன்." அம்மா தட்டுகளை அடுக்கினாள். "நீ போடு, நான் போடறேன். நீ போடாத, நானும் போடல. அவ்ளோதான்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் ஃபிரிட்ஜ் மேலிருந்து அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினார். வாயில் போட்டார். தண்ணீர் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார்.

"வாயத் தொற," என்றாள் அம்மா.

"இன்னாடி, நான் இன்னா பச்சக் கொழந்தையா?"

"தொறய்யா."

செல்போன் டார்ச்சை அடித்து அம்மா உள்ளே பார்த்தாள். "நாக்கத் தூக்கு." தூக்கினார். "இன்னும் அங்கியேதான் கெடக்குது."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி தண்ணீரை ஊற்றிக்கொண்டார். தொண்டை மேலே ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றது. இறங்கியபோது அவர் முகம் வேர்த்திருந்தது. கேட்காமலேயே வாயைத் திறந்து காட்டினார். அம்மா பார்த்தாள். டார்ச்சை அணைத்தாள்.

அவர் இன்னொரு அட்டையிலிருந்து அவளுக்கான மாத்திரையைப் பிதுக்கினார். ஒரு உள்ளங்கையில் மாத்திரை, இன்னொரு கையில் மிச்சத் தண்ணீரோடு தம்ளர். இரண்டையும் நீட்டினார். அம்மா குனிந்து தன் பாதத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கட்டுப் போட்ட காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். கை நீளவில்லை.

அப்பாவும் கையை இறக்கவில்லை. உள்ளங்கை வியர்வையில் மாத்திரை ஓரம் கரைந்து, ரேகைகளின் வழியே வெள்ளையாக மெல்ல ஓடத் தொடங்கியது.