அறுந்த நூலுக்கு யார் பொறுப்பு

1

இந்தக் கதை என் மனத்தில் தோன்றியதல்ல. என் தலையில் கட்டப்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரலாம் என்று படுத்த நேரம் பார்த்து அக்கா கூப்பிட்டாள்.

"நீதான் பெரிய எழுத்தாளராச்சே. எங்க வீட்டுல நடந்ததை எழுது. யார் மேல தப்புன்னு படிக்கிறவங்க சொல்லட்டும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பதற்குள் அவள் கணவர் கூப்பிட்டார்.

"அவ உனக்கு போன் பண்ணியிருப்பா. அவ சொன்னதை எழுதாதம்மா. நடந்ததை எழுது."

அக்கா பேசும்போது பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மாமா பேசும்போது அதே குழாய் கொஞ்சம் தள்ளிக் கேட்டது. ஒரே வீட்டில், பக்கத்து அறைகளில் இருந்துகொண்டு இருவரும் என்னிடம் வழக்குத் தொடுக்கிறார்கள்.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கலைக்காக எழுதப்படுவதில்லை. ஒரு பஞ்சாயத்தைத் தீர்க்க எழுதப்படுகிறது. அது தீராது என்றும் எனக்கு இப்போதே தோன்றுகிறது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"பதனிட்ட தோலின் மணம் கமழும் அந்தப் பட்டறையில், காலை வெயில் சாய்வாக விழும்போது அவளுடைய விரல்கள்…"

இவ்வளவுதான் எழுதினேன். அக்காவிடம் வாசித்துக் காட்டினேன்.

"என்ன மணம்? எங்க ரூம்ல பசை நாத்தம்தான். வெயிலும் வராது. வெயில் பட்டா தோல் நிறம் மாறிடும்னு ஜன்னலையெல்லாம் மூடி வெச்சிருக்காங்க."

இரண்டாவது முயற்சி:

"நீடித்து உழைத்தல் என்றால் என்ன? ஒரு பொருளின் ஆயுளும் ஓர் உறவின் ஆயுளும்…"

இதை நானே அடித்துவிட்டேன். (விட்டால் அடுத்த வரியிலேயே பொருளும் உறவும் ஒன்று என்று எழுதியிருப்பேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.)

மூன்றாவது முயற்சி, எந்த ஜோடனையும் இல்லாமல்:

என் அக்காவும் மாமாவும் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறார்கள். விலையுயர்ந்த தோல் கைப்பைகள் செய்யும் கம்பெனி. மாமா கைப்பிடிப் பிரிவின் தலைவர். கைப்பிடியைப் பையோடு சேர்த்துக் கையால் தைப்பது அவர் வேலை. அக்கா பழுதுபார்க்கும் பிரிவில் இருக்கிறாள். 'ஒரு பை, ஓர் ஆயுள்' என்பது கம்பெனியின் விளம்பர வாசகம். பை எப்போது பழுதானாலும் திருப்பி அனுப்பலாம், சரிசெய்து தருவார்கள். தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்காதீர்கள், பூமி தாங்காது என்று அதற்குப் பொருள். (தூக்கிப்போட மனசே வராத விலை என்று இன்னொரு பொருளும் உண்டு.)

தைத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு முத்திரை உண்டு. அதைப் பையின் உள்துணிக்கு அடியில், தோலில் பதிப்பார்கள். வாங்குகிறவர் கண்ணில் அது படவே படாது. உள்துணியைப் பிரித்தால்தான் தெரியும். பிரிப்பவள் அக்கா.

3

மாமாவிடம்தான் மாட்டிக்கொண்டேன். கைத்தொழிலில் கெட்டிக்காரர் என்று எழுதினால் வாசகர்கள் உடனே அடக்கமான ஓர் ஆளை எதிர்பார்ப்பார்கள். மாமாவுக்கும் அடக்கத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஒரு விருந்துக்குப் போனால், தோளில் பை மாட்டிய பெண்ணின் பின்னாலேயே நடந்து அதன் தையலைப் பார்ப்பார். "மெஷின் தையல்" என்று அந்த அம்மாவுக்குக் கேட்கும்படியே சொல்வார். அக்கா அவரைத் தெரியாதவள்போல் வேறு பக்கம் நகர்ந்துவிடுவாள்.

ஆனால் தைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரே நூலின் இரு முனையிலும் இரண்டு ஊசி. ஒரே துளைக்குள் எதிரெதிராக நுழைத்து இரண்டு கையாலும் இழுப்பார்கள். எல்லோரும் ஒருமுறை இழுப்பார்கள். மாமா இழுத்ததன்மேல் இன்னொரு வெட்டு இழுப்பு இழுப்பார். அதனால் தொழிற்சாலையில் அவருக்கு 'டைட்டு' என்று பெயர். பக்கத்து மேசைக்காரருக்கு 'லூசு' என்று பெயர். (மூளையைப் பார்த்து வைத்த பெயரில்லை, தையலைப் பார்த்து வைத்தது என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவரே விளக்கிச் சொல்வார்.)

"இது தையலா, இல்ல கொடியில துணி காயப்போட்டிருக்கியா?" என்று மாமா அவரை வாராவாரம் கேட்பார்.

இதுவரை படித்துவிட்டு மாமா என்னிடம், "ஏம்மா, என்னை வில்லனாக்கிட்டியே" என்றார்.

"நீங்க சொன்னதுதானே மாமா."

"சொன்னேன். எழுதச் சொன்னேனா?"

4

போன வருடம் சுற்றுச்சூழல் பொறுப்புக்கு ஒரு பெண்மணி வந்தார். எல்லோருக்கும் அவர் 'பசுமை மேடம்'. (அவரைக் கேலியாக எழுதிவிட எனக்குக் கை அரித்தது. ஆனால் சாயத்தண்ணீர் சாக்கடையில் கலப்பதை நிறுத்தியவர் அவர்தான். அதனால் விட்டுவிட்டேன். நேர்மையாக எழுதுவதில் இதுதான் தொல்லை, சிரிக்க ஆள் கிடைக்காது.)

அவர் கொண்டுவந்த மாற்றங்களில் ஒன்று புது நூல். வீணாகிப் போகும் பழைய துணிகளைப் பிரித்து மறுபடி நூற்ற நூல். அந்த வருட விளம்பரம் முழுக்க அதைப் பற்றித்தான்.

சில மாதங்களில் பைகள் திரும்பி வர ஆரம்பித்தன. கைப்பிடியின் அடியில் நூல் அறுந்திருந்தது. அக்கா முதல் பையின் உள்துணியைப் பிரித்தாள். மாமாவின் முத்திரை. அடுத்த பையிலும் அவர் முத்திரைதான். அதற்கடுத்ததிலும். லூசு தைத்த பை ஒன்றுகூட வரவில்லை.

காரணம் அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. மறுபடி நூற்ற நூலில் இழைகள் குட்டையாக இருக்கும். மற்றவர்கள் இழுக்கிற இழுப்புக்கு அது தாங்கும். மாமாவின் இரண்டாவது இழுப்பில் அதன் பாதி உயிர் போய்விடும். மீதி, பையில் சாமான் போட்டுத் தூக்கும்போது போகும். கம்பெனியிலேயே நன்றாகத் தைக்கிறவரின் பைதான் அறுகிறது.

அக்காவிடம் பழைய நூல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை வைத்து எல்லாக் கைப்பிடிகளையும் அவளே மறுபடி தைத்து அனுப்பினாள். மேலாளர் கேட்டபோது, "கைப்பிடி தேஞ்சுபோச்சு சார்" என்றாள். மாமாவிடம் மூச்சு விடவில்லை.

இந்த இடத்தில் நான் எழுதியிருந்தது: "கணவன்மேல் கொண்ட அன்பினால் அவள் அந்த உண்மையைத் தன் நெஞ்சுக்குள்ளேயே…"

"என்னது, அன்பா?" என்றாள் அக்கா. "அவர் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு அலைஞ்சா யார் பாக்குறது? நீ வந்து பாப்பியா?"

"அப்ப பயம்னு எழுதவா?"

"பயமும் இல்ல." அவரிடம் சொல்லாதே என்றுவிட்டுச் சொன்னாள்: "நீங்க ரொம்ப நல்லா தைக்கறதுதான் தப்புன்னு ஒரு மனுஷன்கிட்ட எப்படிடி சொல்றது?"

5

குட்டு உடைந்தது இப்படி. மகளைக் கல்லூரி விடுதியில் விட்டுவர அக்கா விடுப்பு எடுத்தாள். அவள் மேசைக்கு யாரை அனுப்பலாம் என்று யோசித்த மேலாளர், ஊரில் இத்தனை பேர் இருக்க, லூசை அனுப்பினார்.

(நானாக இட்டுக்கட்டியிருந்தால் இவ்வளவு பொருத்தமாக ஓர் ஆளை அனுப்ப எனக்கே கூச்சமாக இருந்திருக்கும். நடந்தது இதுதான், நான் என்ன செய்ய?)

லூசு ஒரு பையைப் பிரித்தார், முத்திரையைப் பார்த்தார். மதியச் சாப்பாட்டில், எல்லோரும் இருக்கும்போது, சூதுவாது இல்லாமல் மாமாவிடம் சொன்னார்: "அண்ணே, உங்க பை ஒண்ணு நூல் அறுந்து வந்திருக்கு. ஏதோ தப்பா வந்திருக்கும்னு நெனைக்கிறேன்."

மாமா தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பழுதுபார்க்கும் அறைக்குப் போனார். அறுந்த பையைப் பார்த்தார். அலமாரியில் இன்னொரு பை இருந்தது. முன்பு ஒருமுறை கைப்பிடிக்காக வந்து, இப்போது ஜிப் கெட்டு மறுபடி வந்தது. அதையும் பிரித்தார். உள்ளே அவருடைய முத்திரை இருந்தது. கைப்பிடியில் இருந்தது பழைய நூல். தையல்கள் எல்லாம் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. அந்தக் கட்டடத்தில் இடது கையால் தைப்பவள் ஒருத்திதான்.

இந்த நேரத்தில் அவர் முகம் எப்படி இருந்தது என்று லூசிடம் கேட்டேன். "தெரியலம்மா. அந்தப் பக்கம் திரும்பி நின்னுட்டாரு. ரொம்ப நேரம் நின்னாரு" என்றார்.

6

அன்று சாயங்காலம் அக்கா ஊரிலிருந்து திரும்பினாள். பெட்டியோடு வாசலில் நின்றாள். மாமா உள்ளே விடவில்லை என்று அவள் சொல்கிறாள். வழியில் நின்றேன், அவ்வளவுதான் என்று அவர் சொல்கிறார். மற்றதெல்லாம் இருவர் சொல்வதிலும் ஒத்துப்போகிறது.

"எத்தனை நாளா?"

"பெட்டியை உள்ள வெச்சுக்கவா, இங்கேயே நின்னு பேசணுமா?"

"எத்தனை நாளா நடக்குது?"

"புது நூல் வந்ததுல இருந்து."

"எல்லாமே என்னோடதா?"

"ஆமா."

"அவனோடது?"

"வரல."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? கடிச்சா தின்னுடப்போறேன்?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? நூலைத் திட்டியிருப்பீங்க. மேடத்தைத் திட்டியிருப்பீங்க. அப்புறம் என்னைத் திட்டியிருப்பீங்க. கையைத் தளர்த்தியிருக்க மாட்டீங்க."

"நான் எதுக்குத் தளர்த்தணும்?"

"பாத்தீங்களா" என்று சொல்லிவிட்டு அக்கா பெட்டியை அவர் காலருகிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாமா பிறகு, அக்காவிடம் சொல்லாதே என்று என்னிடம் தனியாகச் சொன்னது: "நூல் அறுந்ததுகூடப் பரவாயில்லம்மா. ஊரே என் பை நல்லாயிருக்குன்னு நெனச்சுது, நானும் நெனச்சேன். அவளுக்கு மட்டும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே தினமும் என் பக்கத்துல உக்காந்து, 'இன்னிக்கு எத்தனை தைச்சீங்க'ன்னு கேட்டா. நானும் பெருமையா சொன்னேன்."

யார்மேல் தப்பு என்று எழுத உட்கார்ந்தவள் நான். இதைக் கேட்ட பிறகு எனக்கு எழுத வரவில்லை. எரிச்சல்தான் வந்தது, இரண்டு பேர்மேலும்.

7

விஷயம் மேலாளர் காதுக்குப் போயிற்று. இருவரையும் கூப்பிட்டார். பசுமை மேடமும் இருந்தார்.

"நூலை மாத்திடுங்க" என்றாள் அக்கா. "கைப்பிடிக்கு மட்டுமாவது பழைய நூலைக் குடுங்க."

"விளம்பரத்துல மொத்தப் பையும் புது நூல்னு சொல்லிட்டோம்" என்றார் மேடம். "கைப்பிடிக்கு வேற நூல் போட்டா அது பொய்."

"அறுந்துபோற பையை ஆயுளுக்கும் வரும்னு சொல்றது மட்டும்?"

"அதுவும் பொய்தான். ரெண்டுல எது சின்னப் பொய்னு எனக்கும் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க." மேடம் கிண்டலாகக் கேட்கவில்லை. (இந்தப் பகுதியைத் திருத்தித் திருத்தி எழுதியதெல்லாம் அதற்குப் பதில் எங்காவது தட்டுப்படுமா என்றுதான்.)

மேலாளர் மாமாவைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் லூசா தைங்க. முடியலன்னா கைப்பிடியை அவர்கிட்டயே குடுத்துடறேன்." அவர் என்றால் லூசு.

மாமா தன் கைகளைப் பார்த்தார். பிறகு, "சரி" என்றார்.

அந்த 'சரி' எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த நாளும் அதே மேசையில் உட்கார்ந்து கைப்பிடி தைத்தார். இன்றுவரை தைக்கிறார்.

8

முடிவு எழுத வேண்டுமே.

முடிவு, அ: மாமா பழுதுபார்க்கும் அறைக்கு வந்து அக்காவின் பக்கத்தில் உட்காருகிறார். இருவரும் ஒரே பையை ஆளுக்கொரு பக்கமாகத் தைக்கிறார்கள்…

"சினிமாவா எடுக்குற?" என்றார் மாமா.

முடிவு, ஆ: மாமா வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறார்…

"வெளியேறி? உன் வீட்டுக்கு வரட்டுமா?" என்றார் மாமா. எனக்குப் பகீரென்றது. அடித்துவிட்டேன்.

முடிவு, இ: இதை நான் எழுதவில்லை. போன வாரம் தானாக வந்தது. ஒரு பச்சைப் பை அக்காவின் மேசைக்கு வந்தது. அந்தப் பச்சை, மேலாளர் கூப்பிட்ட அந்தக் கூட்டத்துக்குப் பிறகு தொடங்கிய நிறம். அதற்குக் கைப்பிடி வைத்ததெல்லாம் மாமாதான். பழுது கொக்கியில். கைப்பிடியில் ஒரு குறையும் இல்லை. கொக்கியை மாற்ற உள்துணியைப் பிரிக்க வேண்டியதில்லை. ஆனால் பிரித்தால் உள்பக்கம் நூல் தோலில் எவ்வளவு ஆழம் பதிந்திருக்கிறது என்று பார்க்கலாம். அவர் கையைத் தளர்த்திவிட்டாரா, பழையபடிதான் இழுக்கிறாரா என்று தெரிந்துவிடும்.

"பிரிச்சுப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"உனக்கு எதுக்கு? எழுதவா?" என்றாள் அக்கா. "நீ அவர்கிட்ட பேச்சோட பேச்சா கேளு, தளர்த்தினாரான்னு. உன்கிட்ட சொல்லுவாரு."

அன்று மாலையே மாமா கூப்பிட்டார். "பச்சைப் பை ஒண்ணு வந்துச்சாமே. உள்துணியைப் பிரிச்சாளா? உன்கிட்ட சொல்லியிருப்பாளே."

"நீங்க தளர்த்தினீங்களா மாமா?"

"நான் கேட்டதுக்கு நீ முதல்ல பதில் சொல்லு."

பின்னால் அதே தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பக்கத்து அறையில்தான் இருந்தாள்.

9

எனக்குப் பொறுமை போய்விட்டது.

அக்கா, மாமா, இதை நீங்கள் இருவரும் படிப்பீர்கள். எழுதச் சொன்னதே நீங்கள்தான். அவரிடம் சொல்லாதே என்று நீ சொன்னதையும் எழுதியிருக்கிறேன், அவளிடம் சொல்லாதே என்று நீங்கள் சொன்னதையும் எழுதியிருக்கிறேன். இனி என்மேல் கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. அப்படியாவது இருவரும் ஒரே பக்கம் இருப்பீர்கள். அவர் தளர்த்தினாரா, இவள் பிரித்தாளா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் போவதில்லை. போனை எடுக்காதீர்கள். நடுவில் இருப்பது ஒரு சுவர்தான்.

மற்ற வாசகர்கள் தயவுசெய்து எழுந்து வெளியே வாருங்கள். கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்.